மானியம்

சுற்றறிக்கையின் ஒரு பக்கம் மலையாளம்,
மறுபக்கம் தமிழ்.
தமிழ்ப் பக்கத்தை அடிப்பது என் வேலை.
கொழிஞ்சாம்பாறையில்
எந்தத் தாளும் இரண்டு முகத்தோடுதான்
வீட்டுக்குப் போகும்.

‘மான்யமாய வேஷம்’
என்று எழுதியிருந்தார் இந்திராவதி டீச்சர்.
கண்ணியமான உடை என்று அர்த்தம்.
கரண்ட் போய்ப் போய் வந்த காலை,
பிரேயர் மணி அடித்துவிட்டது,
அப்படியே இறக்கிவிட்டேன்:
மாணவிகள் இனி மானியமான வேஷத்தில் வரவும்.

மறுநாள் மயிலாத்தாள் வந்து நின்றாள்,
காலில் கடலைக்காட்டுச் செம்மண்.
‘மானியம் எத்தனைங்க?
பணமாத் தருவீங்களா, துணியாவா?’
வேஷத்தைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.
பொம்பளப் பிள்ளை உடுத்துவதில்
வேஷம் எது என்று
அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கூட்டம்.
மதியச் சாம்பார் வாசனை போகாத ஹால்.
பாவாடையா, பேண்ட்டா?
எழுந்து பேசிய பதினோரு பேரும்
வேட்டியை முழங்காலுக்கு மேல்
மடித்துக் கட்டியிருந்தார்கள்.
பாவாடை என்றால்
முழங்காலுக்குக் கீழே எத்தனை விரற்கடை
என்பதில் தகராறு.
‘யார் விரல்?’ என்றது
பின்வரிசையில் ஒரு பெண்குரல்.
ஆறுமுகன் மாஷ் அடிஸ்கேலை எடுத்து நீட்டினார்,
பிறகு என்ன தோன்றியதோ
முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ரம்லத்தின் அத்தா மட்டும் கடைசியில் எழுந்தார்.
‘பேண்ட் போடட்டும், மேல ஒரு சால் வேணுங்குறா.
அதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா?’
இல்லை.
இரண்டே கட்டம். கோடு போட்டது நான்.

கணவாய்க் காற்றுக்கு
யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.
ஆடியில் அது கிளம்பினால்
பனைகளே ஒரு பக்கமாய்த் தலைவாரிக்கொள்ளும்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளுக்கு
ஒரு கை ஹேண்டில்பாரில்,
ஒரு கை பாவாடையில்.
வரிசையில் நிற்கும் லாரிகளின் ஜன்னலெல்லாம்
திறந்திருக்கும்.
பிரேக் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.
போன வருஷம் ஒன்பதாம் வகுப்பு பிரவீஜா
அங்கேதான் விழுந்தாள்.
முன்பல்லில் பாதி.
விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில்
‘காற்று’ என்று எழுதியதும் நான்தான்.

சீட்டுகள் இருநூற்றுப் பதினான்கு.
கையெழுத்து எல்லாம் அப்பாக்கள்.
ஒன்றில் மட்டும் டிக் இல்லை.
பென்சிலில், அழுத்தி:
‘ரெண்டு பாக்கெட். ஆழமா.’
பேரில்லை.
யார் எழுத்து என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.
செல்லாத ஓட்டு என்று தனியாக வைத்தேன்.

பீரோச் சாவியை இடுப்பில் செருகிச் செருகி
இருபது வருஷமாய் அந்த இடத்தில்
எனக்கொரு தழும்பு.
பஸ் காசு ரவிக்கைக்குள்.
வேர்வையில் ஊறிய பத்து ரூபாயை
கண்டக்டர் இரண்டு விரலால் வாங்குவான்.

பேண்ட் ஜெயித்தது, ஏழு ஓட்டில்.
துணிக்கடைக்காரன் விலைப்பட்டியல் கொண்டுவந்தான்.
ஆண்பிள்ளை பேண்ட்டுக்கு ஒரு விலை.
பெண்பிள்ளை பேண்ட்டுக்குப் பதினெட்டு ரூபாய் குறைவு.
ஏன் என்றேன்.
‘பாக்கெட் இல்லீங்களே.’
டீச்சர் தலையாட்டிக் கையெழுத்திட்டார்.
அட, இதுதான் மயிலாத்தாள் கேட்ட மானியம்.

சாயங்காலம்
புதிய சுற்றறிக்கையின் தமிழ்ப் பக்கத்தை அடித்தேன்.
நிறம், துணி, கடைசித் தேதி.
அதற்குக் கீழே ஒரு வரி:
பாக்கெட் இரண்டு. ஆழம் ஆறு அங்குலம்.
ரம்லத்தின் சாலுக்கும் இடம் தேடினேன்,
தாள் முடிந்துவிட்டது.

மலையாளப் பக்கத்தில் அந்த வரி இல்லை.
இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிப்பவர்
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.