நாற்பத்தொன்றுக்கு வலிக்கிறது

வண்ணார்பேட்டையில் இரவுக் காட்சி.
இருபத்திரண்டாம் பாகம்.
மடியிலிருக்கும் பைக்குள் இன்னும்
கொடுத்து முடிக்காத மூன்று பிரீமிய ரசீது.
நானும் ஏஜென்ட்தான்.
கித்தேரியான் இந்தப் பகடியை
எட்டாம் பாகத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்:
'வே, உம்மாளு வந்துட்டாம் பாரும்.'

வரவில்லை.
பதினெட்டு நிமிடம் ஒரு சமையலறை.
சட்டையைக் கழற்றிவிட்டுத்
தோளில் தானே தையல் போடுகிறான் நாற்பத்தொன்று.
கை நடுங்குகிறது.
ஊசியில் நூல் ஏறவில்லை.
பின்வரிசையில் ஒருவன்
'ஏல, கண்ணாடியப் போடச் சொல்லு' என்றான்.
சிரிக்க வந்தவர்கள் அதற்குத்தான் சிரித்தார்கள்.

எனக்குத் தெரிந்த நாற்பத்தொன்று
ரயில் கூரையிலிருந்து கப்பலுக்குத் தாவுவான்,
இஸ்திரி மடிப்புக் கலையாது.
கோட்டையை வெடிக்க வைத்துவிட்டுத்
தீயைத் திரும்பியும் பாராமல் சொல்வான்:
'வாரேன், டீ ஆறிரும்.'
இங்கிலீஷில் என்ன சொன்னானோ, யாருக்கு வேண்டும்?
டப்பிங் அறையில் எவனோ ஒரு நம்மூர்க்காரன்
இருந்திருக்கிறான் என்று
நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.
'வாரேன்' என்று வேறு யார் சொல்வான்?

அந்த ஒரு வரியை வைத்துப் பாலிசி பிடித்திருக்கிறேன்.
முறப்பநாட்டில் ஒரு செங்கல்சூளைக்காரர்,
மேலப்பாளையத்தில் செய்யது பட்டாணி.
கையெழுத்து வாங்கி எழும்போது
கோட்டைத் தட்டிவிடுவதுபோல் சட்டையைத் தட்டிவிட்டு
அதைச் சொல்வேன்.
பட்டாணி விழுந்து விழுந்து சிரிப்பார்.
மூன்றாம் வருடம் மழையில் அவர் போனார்.
படிவத்தில் இறப்புக் காரணம் எழுதும் கட்டம்
ஒன்றரை அங்குலம்.

இன்று காலைகூட தச்சநல்லூரில் ஒரு வீடு.
லாரி கிளீனர். இருபத்தாறு வயது.
நாமினி: மனைவி, வெள்ளையம்மாள்.
'கையெழுத்தா, கைநாட்டா?' என்று கேட்டுவிட்டேன்.
'எம்.ஏ. படிச்சிருக்கேன்' என்றாள்
பேனாவை வாங்காமல்.

ஒன்பதாம் பாகத்தில்
சாம்பல் சீருடைக் காவலர்களை எண்ணினோம்,
கடலை மடித்த காகிதத்தில் கோடு போட்டு.
நூற்று முப்பத்தேழு பேர்.
கோபுரத்திலிருந்து விழுந்தவன்
பத்தாம் பாகத்தில் வேறு தொப்பியோடு நிற்பான்.
யாருக்கும் நாமினி இல்லை.

இதில் ஒரே ஒருவன் விழுகிறான்.
காமிரா அவனை விட்டு நகர மாட்டேன் என்கிறது.
அவன் பையில் போன் அடிக்கிறது.
தெரியாத எழுத்தில் ஒரு பெயர்
ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைகிறது.
நாற்பத்தொன்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான்.
எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை.
எங்கள் வரிசையில் ஒருவர் ஒன்றுக்குப் போக எழுந்து
பாதியில் நின்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நிஜம்.
எரிச்சலும் வந்தது. அதுவும் நிஜம்.
சாவுக்குக் கனம் உண்டென்று
நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்.
பகலெல்லாம் அதைத்தான் மூன்று பிரதி எடுக்கிறேன்.
கனமில்லாத இடம் ஒன்று இருந்தது.
வருடத்துக்கொரு தடவை, இரண்டரை மணி நேரம்.
அங்கேயும் வந்து
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஆனாலும்
அந்த நூற்று முப்பத்தேழு கோடுகளை
இனி எப்படிக் கோடென்று நினைப்பது?

முடிவில் பெயர்கள் ஓடின.
'காவலன் ஒன்று, காவலன் இரண்டு' என்று போடுவார்கள்.
இம்முறை அவனுக்கு ஒரு பெயர் இருந்தது.
எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மேலே போய்விட்டது.

பாலத்தில் நல்ல காற்று.
ஆறு கீழே இருட்டில் எங்கோ ஓரமாய்ப் போனது.
பின்னாலிருந்து கித்தேரியான் சொன்னான்:
'படம் நல்லாத்தான்வே இருக்கு.'
கொக்கிரகுளம் விளக்குகள் தாண்டியதும்
'நல்லாவே இல்ல' என்றான்.
இரண்டுக்கும் 'ஆமா' சொன்னேன்.

ஜங்ஷனில் ஒரு கடை திறந்திருந்தது.
இருவருமே அந்த வசனத்தைச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
டீ நல்ல சூடு.

நாளைக் காலை மறுபடி தச்சநல்லூர்.
இரண்டாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று.
விட்டது நான்தான்.