ஒரு நிமிடம், க

"க-வில் தொடங்கும் சொற்கள். நிறுத்தாமல் சொல்லுங்கள்.
ஊர்ப் பெயர், ஆள் பெயர் மட்டும் வேண்டாம்"
என்று ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்
மேசைக்கு அந்தப் பக்கம்
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

முதலில் வாய்க்கு வந்தது கவிநயா.
என் மகள். ஆள் பெயர். விழுங்கினேன்.
கல்.
கடை.
கண். கண்ணாடி.
பிறகு ஃபேன் சத்தம்.
கதவு, அது எதிரிலேயே இருந்தது.
கல் என்றேன் திரும்பவும்.
பேனா நகரவில்லை.

வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை லேபில்
பதினாலு வருஷமாக நிறம் பொருத்துகிறேன்.
பையர் அனுப்பும் துண்டுத் துணியை
வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்தால்
மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, நீலம் துளி என்று
தராசுக்கு முன்னால் நாக்கு சொல்லும்.
சொல்லிக்கொண்டிருந்தது.

போன ஆவணியில் ஐம்பதை நூறாக்கினார்கள்.
அன்றிலிருந்து விழவில்லை.
நாக்கில் பல் தடம் இல்லை, சேலை நனையவில்லை,
கையில் யாரும் ஸ்பேனரைத் திணிக்கவில்லை.
காலண்டரில் ஒவ்வொரு ராத்திரியும்
சென்னியப்பன் ஒரு கோடு போடுகிறார்,
தறியில் மீட்டர் குறிக்கிற அதே பென்சிலால்.
பதினோரு மாசம் என்று
கேட்காதவர்களிடமும் சொல்கிறார்.

அந்தப் பென்சில் கோடுகளுக்கு அடியில்தான்
சொற்கள் போய்க்கொண்டிருந்தன.
வடிகட்டி போனது. சீப்பு போனது, மறுநாள் வந்தது.
நான் பாதியில் நின்றால்
மீதியைக் கவிநயா போட்டு மூடுகிறாள்.
சரியாகத்தான் போடுகிறாள்.
எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்திரையில் ஒரு நாள்
மாஸ்டர் இரண்டு சாம்பிளை நீட்டினார்.
ஜெட் மெஷினில் முன்னூறு கிலோ துணி ஊறிக்கொண்டிருந்தது.
வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது எனக்கு.
"இதில அது சாஸ்திங்க" என்றேன்.
"எதுங்க்கா?"
"அதுதானுங்க, அது..."
கடைசியில் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினேன்.
துணி பிழைத்தது.
மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"வியாதியாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம்,
சரியான தூக்கம் இல்லாததாலும் இருக்கலாம்,
கலந்தபின் எது எவ்வளவென்று பிரிக்க முடியாதம்மா" என்றார் டாக்டர்.
எங்கள் லேபில் அதற்கு மெஷின் இருக்கிறது
என்று சொல்ல நினைத்தேன்.
"குறைத்துப் பார்க்கலாம். ஆனால்..."
ஆனால் என்ற சொல் மட்டும்
இத்தனை நாளில் ஒருமுறையும் எனக்குத் தொலைந்ததில்லை.
யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்தேன்.

ஆறரை பஸ். ஜன்னல் முழுக்க ஆடிக் காற்று.
"கணியூர் இறங்குங்க" என்றார் கண்டக்டர்.
கண்டக்டர்!
அதற்கப்புறம் பந்தி முடிந்து இலை எடுத்தபின்
வண்டி கட்டி வந்து இறங்கும் சொந்தங்களாக
ஒவ்வொன்றாய் வந்தன:
கம்பு, கயிறு, கழுத்து, கனகாம்பரம்,
கடலைக்காய், கன்னுக்குட்டி,
கறை. கறையை எப்படி மறந்தேன்,
அதுதானே என் பிழைப்பு.
கருமத்தம்பட்டி தாண்டும்போது (ஊர், கணக்கில் வராது)
பத்தொன்பது.
விரல் விட்டு எண்ணியதைப்
பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தார்,
சீட்டுப் பணம் என்று நினைத்திருப்பார்.

தெக்கலூரில் மணி எட்டு.
எட்டு மணி மாத்திரை கைப்பையில்.
நூறு. வெள்ளை.
அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்தேன்.
கசப்பு. இருபது.
பிறகு தண்ணீர் பாட்டிலின்
அதை,
மேலே இருக்குமே, அதைத்
திருகித் திறந்தேன்.