மீதத் தடிமன்

ஜுபைலில் பதினோரு வருடமாய்
குழாய்களின் சுவரை அளக்கிறேன்.
பசை தடவி, புரோப்பை அழுத்தி,
உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது துரு என்று
வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன்.
காப்புறைக்கு அடியில் அரிப்பதுதான் மோசம்.
மேலே தகரம் பளபளக்கும்.

மே மாதம். வெயிலில் பத்து நிமிடம் நடந்தால்
இடக்கண் தூசி படிந்த கண்ணாடி.
வேனுக்குள் ஏசி பட்டதும் தெளியும்.
வால்வுச் சக்கரம் வலக்கண்ணுக்குச் சிவப்பு,
இடக்கண்ணுக்குக் கழுவிக் கழுவி வெளுத்த செங்கல்.
யாரிடமும் சொல்லவில்லை,
போனில் ஜெசிந்தாவிடமும்.
பார்வைச் சான்றிதழ் ஆகஸ்டில் முடிகிறது.

மருத்துவமனையில் அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள்.
"சூசைராயன்!" நான் எழுந்தேன்.
மோவாயை இங்கே வை, பச்சைச் சிலுவையைப் பார்,
இமைக்காதே.
வெட்டிய பள்ளத்து மண்போல
விழித்திரை அடுக்கடுக்காய்த் திரையில்.
நரம்புப் படலம் வலது தொண்ணூற்றாறு மைக்ரான்,
இடது அறுபத்தெட்டு. சிவப்புக் கட்டம்.
அந்தச் சிவப்பை
வலக்கண்ணால்தான் சரிபார்த்துக்கொண்டேன்.

பிறகு எம்ஆர்ஐ.
நாற்பது நிமிடம் குழாய்க்குள் கிடந்தேன்,
வெளியே யாரோ சுத்தியலால்
தட்டித் தட்டிக் கேட்பதுபோல.
மூளையில் ஏழு வெள்ளைப் புள்ளிகள்.
நரம்பின் மேலுறை உரிகிறது என்றார் டாக்டர் ஹனான்,
மேசைவிளக்கின் வயரைத் தூக்கிக் காட்டி.
வயர் வேண்டாம் டாக்டர், தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்டேன்:
குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு?
எதற்குக் கீழே போனால் லைனை மூடுவீர்கள்?

அப்படி ஓர் எண் இல்லை என்றார்.
மருந்து தொடங்குவோம், ஆறு மாதம் கழித்து
இதே இடத்தில் மறுபடி அளப்போம்.

நானும் அப்படித்தான் எழுதுவது,
ஓடட்டும் என்று விட்ட குழாய்களுக்கு.