ஒன்றும் நடக்கவில்லை

மூன்று ஸ்வெட்டர்.
மேலே ஒரு சால்வை, அதற்கும் மேலே சாக்குக் கொங்காடை.
வேலப்பனின் புஜம் எங்கே தொடங்குகிறதென்று
தேடித்தான் பட்டையைச் சுற்ற வேண்டும்.
"கையை மட்டும் கழற்றுங்க" என்று சொல்லிவிட்டேன்.
பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள்
அரை மணி நேரம் சிரித்தார்கள்.
பூம்பாறையில் காலை ஏழரை,
விட்ட மூச்சு கண்ணுக்குத் தெரிகிற குளிர்.

நூற்று எழுபத்தாறு. கீழே நூற்றுப் பத்து.
ஐந்து நிமிடம் உட்கார வைத்து
மறுபடியும் பார்த்தேன்.
இரண்டு குறைந்தது, என் மரியாதைக்காக.

"பூண்டு விளையுற ஊரு நர்சம்மா.
பூண்டு தின்னு, பூண்டு மூட்டை மேல தூங்கி,
எங்க வேர்வையே பூண்டுதான்.
எங்களுக்கு எப்படிப் பிரஷர் வரும்?"

நியாயமான கேள்வி.
பதில் அவருடைய தூக்குவாளியில் இருந்தது:
பழைய சோறு, சுட்ட கருவாடு,
ஊறுகாய், அதற்குப் பக்கத்தில்
பேப்பரில் மடித்த கல்லுப்பு.
அந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்து
என் பையில் போட்டுக்கொண்டேன்.
மறுநாள் இன்னொன்று மடித்திருப்பார். தெரியும்.

"எனக்கு என்ன செய்யுது? ஒண்ணும் செய்யலையே."

இந்த வாக்கியத்தோடுதான் என் உத்தியோகம்.
காய்ச்சல்காரர்கள் தாமாக வருவார்கள்.
காட்டுமாடு முட்டியவரைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள்.
ஒன்றும் செய்யாதவர்களைத் தேடி
படிப்படியாக வெட்டிய தோட்டங்களில்
நான்தான் மூச்சு வாங்க ஏற வேண்டும்.

"மோட்டாரை முழுசாத் திறந்துவிட்டா
ஓஸ் எங்கே பிய்க்கும்?"
"பழைய ஒட்டு இருக்கிற இடத்துல."
"எப்போ?"
"அதை யாரு சொல்ல முடியும்?"
நான் ஒன்றும் பேசவில்லை.
"ஓஸ்னா வேற வாங்கிக்கலாம்" என்றார்,
யாரும் கேட்காமலே.
பிறகு மாத்திரை அட்டையை வாங்கி
உள் ஸ்வெட்டரின் பையில் வைத்தார்.

ஒழுங்காக விழுங்கினார் என்று சொல்ல மாட்டேன்.
தேர் இழுத்த வாரம் விட்டுவிட்டார்.
கேரட்டுக்கு விலை விழுந்த மாதம் மறந்துவிட்டார்.
மழையில் மரம் சாய்ந்து ரோடு அடைத்தபோது
பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.
அது அவருக்குப் போவதற்குள்
யாருக்கோ தலைவலி மாத்திரையாகப் போயிற்று.

கவுஞ்சியில் மாயக்கண்ணன் என்று ஒருவர்.
நான் போன அன்று பனிமூட்டம்.
கதவு தட்டினேன். தட்டியது போதாதோ என்னவோ.
"வீடு பூட்டு" என்று எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.
பன்னிரண்டாம் நாள், வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு
ஜீப்பில் கொடைக்கானல்,
அங்கிருந்து வளைவு வளைவாக மதுரை.
அவருக்குப் பதிவேட்டில் இடம் இருக்கிறது:
பெயர், வயது, தேதி, எந்த ஆஸ்பத்திரி,
எந்தக் கை, எந்தக் கால்.
ஏழு கட்டங்களையும் நானே நிரப்பினேன்.
எட்டாவது கட்டம் கேட்கவில்லை
அந்தக் கதவைப் பற்றி.

போன செவ்வாய்க்கிழமை வேலப்பன் சண்டைக்கு வந்தார்.
"ரெண்டு வருஷமா முழுங்குறேன்.
உப்பில்லாம நாக்கு செத்துப்போச்சு.
கருவாட்டு வண்டி வந்தா முகத்தைத் திருப்பிக்கிறேன்.
என்ன ஆச்சு சொல்லுங்க?
ஒண்ணுமே நடக்கலை!"

நூற்று முப்பத்திரண்டு. கீழே எண்பத்து நாலு.
அந்த வெற்றிடத்தை எந்த வாயால் விளக்குவது?
அவர் முதுகில் அப்போதுதான் இறக்கிய
மூட்டையின் ஈரம் இருந்தது.
இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டித் திட்டினார்.
இரண்டு கைகளையும்.

குறிப்பு என்ற கட்டத்தில்
"ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதினேன்.
மேலிடத்தில் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்தது அவர் மனைவி செம்பாயி.
எட்டு மாதமாக "அடுத்த வாரம்" சொன்னவள்.
நான்கு ஸ்வெட்டர்.
முதல் பொத்தானை அவளே அவிழ்த்தாள்.