நூற்று எண்பத்தாறரை

இந்தியாவில் மணி பத்து என்றால்
ஜுபைலில் ஏழரை.
ராசிபலனை ஒருநாளும் நம்பாத அம்மா
முந்தின ராத்திரியிலிருந்தே
'ஏழு முப்பது, ஏழு முப்பது' என்றுதான்
சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழு நாற்பத்தொன்றுக்குத் திறந்தது பக்கம்.
கணிதம் தொண்ணூற்றொன்று.
இயற்பியல் தொண்ணூற்று நான்கு, பாதியாக்கினால் நாற்பத்தேழு.
வேதியியல் தொண்ணூற்றேழு, பாதியாக்கினால் நாற்பத்தெட்டரை.
மளிகை ரசீதின் பின்புறம் கூட்டினேன்,
கூட்டாமலே தெரிந்துவிட்ட தொகையை.
186.5

நான் ஆசைப்பட்ட பிரிவு போன வருடம்
191.25இல் கதவைச் சாத்தியிருந்தது.
இடையில் நாலே முக்கால்.
அந்த நாலே முக்காலுக்குள்
எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள்
ஒருவர் பிடரியில் ஒருவர் மூச்சுவிட்டபடி.
'கணக்கில் ஏன் ஒன்பது போச்சு?'
ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டார் அப்பா.
பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

இன்னொரு கதவும் இருக்கிறது, பக்கவாட்டில்.
வளைகுடாவில் வேலை பார்ப்போர் பிள்ளைகளுக்கென்று
ஒதுக்கிய சில இடங்கள்.
அங்கே என் எண் போதலாம்.
கூடவே அப்பாவின் இக்காமாவும் வேண்டும்,
மொழிபெயர்த்து, முத்திரை குத்தி.

சாயங்காலம் டைப்பிங் சென்டர்.
ஏசிக்குக் கீழே பெயின்ட் வாளியில்
சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
மலப்புரத்து ஹம்சக்கோயா
அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார்.
பெயர், சஃபரிராயன்.
'அரபியில் வ இல்லல்லோ மோளே, அதான்.'
சஃபர் என்றால் பயணம்.
அப்படியானால் சவரிராயன் என்பவர்
வருடத்துக்கு முப்பது நாள்தான் உயிரோடு இருந்திருக்கிறார்,
விடுப்பில்.

தொழில், முஹாசிப்.
'அப்படீன்னா?'
'கணக்கர். அக்கவுண்டன்ட்.'

அப்பா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ரிக்கர்.
பைப் யார்டில் கிரேனுக்குக் கை காட்டுகிறவர்.
சுட்டுவிரல் வானம் பார்த்துச் சுழன்றால் தூக்கு.
இரண்டு கையையும் வயிற்றுக்கு முன் கோத்துக்கொண்டால்
எல்லாவற்றையும் நிறுத்து.
நாற்பது டன் இரும்பு
அவர் விரலைப் பார்த்துக் காத்திருக்கும்.
ஆனால் கை காட்டுகிறவனுக்குக் குடும்ப விசா கிடையாது.
கணக்கனுக்கு உண்டு.
நான் நாலாம் வகுப்பு முடித்த கோடையில்
யாரோ ஒரு முதீருக்கு எட்டாயிரம் ரியால் கொடுத்து
ஒரே ராத்திரியில் அப்பா கணக்கில் தேறினார்.
அந்த மார்க்கில்தான்
அம்மாவும் நானும் விமானம் ஏறினோம்.

ராதாபுரத்தில் சித்தப்பா மகள் அருள்மதி, 189.
என்னைவிட இரண்டரை கூட.
அவளுக்குப் பக்கவாட்டுக் கதவு இல்லை.
சித்தப்பா ஊரைவிட்டுப் போகவில்லை,
அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.
மத்தியானம் போனில் 'உனக்கு எவ்வளவுடீ?' என்றாள்.
சிக்னல் விட்டுவிட்டு வருது என்றேன்.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி பதினொன்றரை.
தந்தையின் தொழில்,
வெறும் கட்டத்தில் துடிக்கிற கோடு.
அதற்குக் கீழே
'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை'
பக்கத்தில் டிக் அடிக்க ஒரு சின்னச் சதுரம்,
கொசு உட்காரும் அளவு.

திரும்பிப் பார்த்தேன்.
பனியனோடு பின்னால் நின்றிருந்தார்.
நெற்றியில் இன்னும் ஹெல்மெட்டின் சிவப்பு வரி.
வாய் திறக்கவில்லை.
வலது சுட்டுவிரல் மெல்லச் சுழன்றது.
அதன் மேல் இடது உள்ளங்கை
அசையாமல் கவிழ்ந்திருந்தது.
யார்டில் அதற்கு அர்த்தம்,
தூக்கு, ஆனால் மெதுவாக.

சுமை ஏறும்போது கீழே ஆள் நிற்கக்கூடாது
என்பது யார்டின் முதல் விதி.
மவுஸில் விரலை வைத்தபடி
கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.