குறிப்பேட்டில் ‘இல்லை’

ஃப்ரேசர்பர்கில் ஆகஸ்ட் இரவு
குழாய்த் தண்ணீரை உறைய வைக்கும்.
இரண்டு மணிக்கே அடுப்பை மூட்டிவிடுவேன்.
மாவு உப்பும் வரை எனக்கு வேறு வேலை:
கொல்லைக் கொட்டகையின் தகரக் கூரையைத்
தள்ளித் திறந்து
வானத்துக்கு வருகைப் பதிவு எடுப்பது.

பழைய படம், இன்றைய படம்,
பழைய படம், இன்றைய படம்,
திரையில் மாறி மாறிச் சிமிட்டவிட்டு
ஒரு புள்ளி கூடியிருக்கிறதா என்று பார்ப்பேன்.
இரவுக்கு நூற்றிருபது விண்மீன் திரள்கள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே
இல்லை.
பதினோரு ஆண்டுகளாக இல்லை.
அதை எழுதியே மை தீர்ந்த பேனாக்கள்
ஒரு ஜாம் பாட்டில் நிறைய இருக்கின்றன.

வியாழன் விடிகாலை மூன்று ஐம்பது.
வரைபடத்தில் ‘உலை’ என்று பெயர் போட்ட மூலையில்
(ரொட்டிக்காரிக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள்)
ஒரு திரளின் விளிம்பில் ஒரு புள்ளி.
கையைத் துடைத்தேன்.
திரையில் ஒட்டிய மாவைத் துடைத்தேன்.
போகவில்லை.

சந்தேகப்படவும் ஒரு முறை உண்டு.
சிறுகோளாக இருக்கலாம்:
அட்டவணைப்படி அந்தப் பக்கம் எதுவும் நடமாடவில்லை.
கேமராவின் கோளாறாக இருக்கலாம்:
தொலைநோக்கியை மயிரிழை நகர்த்தினேன்,
புள்ளி விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்தது.
யாராவது முந்தியிருக்கலாம்: பட்டியலில் காணோம்.
என் ஆசையாக இருக்கலாம்.
அதைச் சோதிக்க என்னிடம் கருவி கிடையாது.

அரை மணி கழித்து இன்னொரு படம் வேண்டும்.
அதற்குள் மேற்கிலிருந்து மேகம் வந்து
ஈரச் சாக்குப் போல விழுந்தது.

உருகுவேயில் அப்போது இரவு பதினொன்று.
டாகுவாரெம்போவில் பஸ் எஞ்சின் பழுதுபார்க்கும்
வாஷிங்டன் எட்செவெர்ரிக்கு எழுதினேன்.
சந்தித்ததே இல்லை.
அவருக்கு ஸ்பானிஷ், எனக்கு ஆஃப்ரிகான்ஸ்,
நடுவில் எண்களும் கொஞ்சம் நொண்டி ஆங்கிலமும்.
‘ஹெஸ்டர், உன் உலை இன்னும்
பக்கத்து வீட்டு யூகலிப்டஸுக்குப் பின்னால்.
பொறு.’

நான் பொறுப்பேன், மாவு பொறுக்காது.
நாற்பது ரொட்டிகளை உள்ளே தள்ளினேன்.
ஆறு கோடி ஆண்டு நடந்து வந்த வெளிச்சம்
யாரோ நட்ட ஒரு மரத்தின்
கடைசிக் கிளைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

ஆறு மணி ஐந்து நிமிடம்.
‘மூன்று தடவை எடுத்தேன். மூன்றிலும் இருக்கிறது.
பதினாறு புள்ளி இரண்டு.
என் மனைவியை எழுப்பிக் காட்டினேன்.
திட்டினாள்.’

கடையின் முதல் ஆள் திருமதி எஸ்டெர்ஹைஸ.
‘அடி கருகியிருக்கிறதே’ என்றார்.
‘ஆமாம்’ என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.
பாதி விலைதான் வாங்கினேன்.

பிறகு பெரிய கண்ணாடிக்காரர்கள்
அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள்:
ஹைட்ரஜன் தெரிகிறது;
பெருத்த நட்சத்திரம், தன் பாரத்தில் தானே இடிந்தது.
பெயரும் வைத்தாயிற்று,
ஓர் ஆண்டு, சில எழுத்துகள்,
லாரி நம்பர் மாதிரி.

சனிக்கிழமை சும்மா இருக்காமல்
செவ்வாய் இரவின் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன்.
அதே திரள். அதே விளிம்பு.
பொடி உப்பில் ஒரு கல் அளவுக்கு
இருந்தது.
குறிப்பேட்டில், அதற்கு எதிரே, என் கையெழுத்தில்
இல்லை.

அடித்துத் திருத்தப் பேனாவைத் திறந்தேன்.
திறந்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
மூடிவிட்டேன்.

இப்போதும் நூற்றிருபதுதான்.
அந்தச் சொல்லை எழுதுமுன்
திரளுக்கு நாலு விநாடி கூடுதலாகிறது.
ரொட்டி எட்டு நிமிடம் பிந்துகிறது.
ஊரில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.