பத்துக்கு ஆறு

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள் லாரீசா.
அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில்
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிகிற
மஞ்சள் முகங்கள்.

எனக்கு அது எண்ணில் வராது.
விடிய எழும்பினால் விறைப்பு.
பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் இழுவை.
ஸ்னோ கொட்டப் போகிறதென்றால் முதல்நாளே உளைவு.
ஜாக்கெட் போட்டால் சுரீர்.
இரவு இரண்டு மணிக்கு வருவது வேறொன்று,
பல் விழுந்த நாய்
எலும்பை விடாமல் சப்புகிற மாதிரி.
இத்தனைக்கும் என் ஆங்கிலத்தில் ஒரே சொல்.
"சிக்ஸ்" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

விழுந்தது நவம்பர் கடைசியில்,
வினிபெக் முழுவதும் கண்ணாடி பூசிக் கிடந்த காலை.
ஆஸ்பத்திரி லாண்டரியில் எனக்கு முதல் ஷிஃப்ட்.
டிரைவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.
அந்த மரியாதைக்காகத்தான் ஓடினேன்.
இடது கையை ஊன்ற
தோளுக்குள் ஈரத்துணி கிழிந்தது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
பதினொரு வருடமாக
மற்றவர்கள் படுத்த விரிப்புகளை மடிக்கிறேன்.

மேசையைப் பிடித்துக் குனி, என்றாள் லாரீசா.
நொந்த கையைத் தொங்கவிடு.
நீ ஆட்டாதே,
உடம்பு அசைய அது தானாக ஆடட்டும்.
பிறகு விரல்களால் சுவரில் ஏறு.
நோகிறதென்றால் உடைகிறது என்று அர்த்தமில்லை,
மறுநாளும் நின்று நொந்தால் மட்டும் குறைத்துக்கொள்.
படுக்கும்போது கைக்கென்று ஒரு தலையணை.
உடுக்கும்போது நொந்த கை முதலில்,
கழற்றும்போது அது கடைசியில்.

இந்தக் கடைசியை மட்டும்
வீடு வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.
நாற்பத்தொன்பது வயதாகிறது,
இந்த உடம்பில் எதையும்
நான் முதலில் கூப்பிட்டதில்லை.

இரண்டு மணி.
பகீரதன் குறட்டை. ஹீட்டரின் முனகல்.
சிக்ஸ், சிக்ஸ் என்று எண்ணிக்கொண்டு கிடந்தவள்
எப்போது தமிழுக்கு மாறினேனோ.
ஆறு.
இரண்டு தெரு தள்ளி உறைந்து கிடப்பதும் ஆறுதான்,
பகலில் அதன் முதுகில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
தோளைத் தொட்டுச் சொன்னால்
அதே சொல் ஒரு கட்டளை.
ஆறு, என்றேன்.
அது கேட்கவில்லை. ஆனாலும்
யாரோடாவது பேசினது போல இருந்தது.

ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் பென்சில் கோடுகள்.
ஜனவரி பத்து: லைட் சுவிட்ச்.
ஜனவரி முப்பது: காலண்டரின் அடி.
பெப்ரவரியில் காலண்டரின் ஆணியைத் தொட்ட அன்று
நிமிர்ந்த நடையோடு கடைக்குப் போய்
இருபது இறாத்தல் அரிசியைத் தூக்கினேன்.
திரும்பவும் லைட் சுவிட்ச்.

லாரீசா ஏசவில்லை.
என்ன அரிசி என்று மட்டும் கேட்டாள்.
நேற்றோடு ஒப்பிடாதே, டிசம்பரோடு ஒப்பிடு,
டிசம்பரில் உனக்கு யார் தலை இழுத்தது?
பகீரதன்.
கோணல் வகிட்டோடு
கிறிஸ்மஸ் படத்தில் நான் நிற்கிறேன்.

மார்ச்சில் வீட்டுக்காரன் பார்க்க வருகிறானாம்,
பகீரதன் அழிறப்பரோடு சுவரடியில்.
"கீழே இருக்கிறதெல்லாம் அழியுங்கோ.
மேல் இரண்டையும் விடுங்கோ."
"டெபாசிட்டில வெட்டுவானப்பா."
"வெட்டட்டும்."

ஏப்ரல். லாண்டரியில் இலேசு வேலை,
தலையணை உறை மட்டும், அதுவும் நெஞ்சளவு உயரத்துக்கு.
பெரிய விரிப்பு வந்தால்
மெலிண்டா மறு நுனியைப் பிடிக்கிறாள்,
நடந்து வந்து என் கையில் தருகிறாள்,
கேட்காமலே.

பத்துக்கு எத்தனை?
இன்றைக்கு நேரமெடுத்து யோசித்தேன்.
மூன்று, என்றேன்.
இரவில் இன்னும் சிலநேரம் ஆறு.
ஆறு என்று தமிழிலேயே வந்துவிட்டது,
லாரீசா பேனையைத் தூக்கியபடி பார்த்தாள்.
விளக்கப் போய், விட்டுவிட்டேன்.

வெளியே குளிர் குறைவு.
ஜாக்கெட் தேவையில்லை என்று எல்லோரும் திறந்து விட்டிருந்தார்கள்.
நான் போட்டுக்கொண்டேன்,
இடது கை முதலில்.